ஆய்வுலகின் அமுதசுரபி

திசையெட்டும் புகழ் மணக்கும் திருவாளரே, எழுதாமல் எழுதும் எழுத்தாளர் ஏறே, செய்யாமல் செய்து முடிக்கும் செயல்வீரரே, கட்டுரை ஆலை நடத்தும் கருணைக் கடலே! தங்கள் கொலுமண்டபத்தின் முன் நின்று இந்தப் புகழுரையைப் படைக்கிறேன்.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி என்றும், மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன் என்றும் நம் புலவர்கள் ஓயாமல் பாடியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்தது என்ன பெரிது? தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். தாங்களோ இல்லாததை அல்லவா அள்ளி வழங்குகிறீர்கள்! நடக்காத சோதனை, பிறக்காத எலி, அந்த எலியின் உடலில் ஓடாத இரத்தம், அந்த இரத்தத்தில் மூன்று தசம இடம் வரை பிசகாமல் அளந்த சர்க்கரை, அத்தனையும் தங்கள் கைவிரலசைவில் பிறக்கின்றன. மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபிக்குக்கூட முதலில் ஆதிரை இட்ட பிச்சை தேவைப்பட்டது. தேவரீரின் பாத்திரத்துக்கு அந்த ஒரு பிடியும் தேவையில்லை. வெறும் பாத்திரத்திலிருந்தே ஊருக்கெல்லாம் விருந்து வைக்கும் வித்தை தங்களோடுதான் இவ்வுலகுக்கு வந்தது.

தங்களுக்கு முன்பு ஆய்வு என்பது எத்தனை இழிவான கூலிவேலையாக இருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் மறந்துவிடலாகாது. உயிரியல் துறை மாணவி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். 37 டிகிரி வெப்பத்தில் இன்குபேட்டருக்குள் செல்களை வளர்ப்பாள். தீபாவளிக்கு ஊருக்குப் போக மாட்டாள், செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்ற வேண்டுமே! மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் திறந்து பார்த்தால் பூஞ்சை பிடித்திருக்கும். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் முடிவு பல நேரம் அவள் எதிர்பார்த்ததாக இருக்காது. இயற்கை அவ்வளவு பிடிவாதக்காரி. அந்த மாணவியின் கண்ணீரைக் கண்டு தங்கள் உள்ளம் உருகியிருக்க வேண்டும். டெலிகிராமில் ஒரு விளம்பரம் போட்டீர்கள். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரே நொடியில் முடிவு கட்டினீர்கள். கட்டுரையின் தலைப்பு, வரப்போகும் இதழின் தரம், மீதமுள்ள ஆசிரியர் இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் விலை என எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கும். முதல் ஆசிரியர் என்றால் விலை கூடுதல். நான்காம், ஐந்தாம் இடங்கள் எளியோருக்கும் எட்டும். சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை அவரவர் வசதிக்கேற்ப வைத்த தங்கள் சமதர்மத்தை என்னவென்று புகழ்வது! ரஷ்யாவில் ஒரு நிறுவனம் இதற்கென இணையதளமே நடத்தி, திரையரங்கில் இருக்கை விற்பதுபோல ஆசிரியர் இருக்கைகளை விற்றது. வாங்கியவர் கட்டுரையை எழுத வேண்டாம், படிக்கவும் வேண்டாம். பெயரைப் பிழையின்றி எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்தப் பேரரசு தங்கள் ஒருவர் தோளில் மட்டும் நிற்கவில்லை. எண்ணுவதில் வல்ல சான்றோர் பலர் தங்களுக்கு அரண் செய்து நிற்கிறார்கள். நாள் முழுதும் கத்தி பிடித்து உயிர் காக்கும் அறுவை மருத்துவரிடம், பதவி உயர்வு வேண்டுமானால் ஆய்வுக் கட்டுரை கொண்டு வா என்று கேட்ட சீன மருத்துவமனை நிர்வாகங்கள் அவர்களுள் தலையாயவை. நம் ஊரும் சளைத்ததல்ல. பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வாரம் பதினெட்டு மணி நேரம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராய் அலைந்து திரும்பி வந்தால், அவரை வரவேற்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்த வருஷம் எத்தனை பேப்பர் போட்டிருக்கீங்க? எல்லாம் ஸ்கோப்பஸ் லிஸ்ட்ல உள்ளதுதானே?" பேப்பரில் என்ன இருக்கிறது என்று கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்தும் வழக்கம் அங்கே கிடையாது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கைவிட்டது. ஆனாலும் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் மதிப்பீடும் தேசியத் தரவரிசையும் கட்டுரைகளை எண்ணும் பழக்கத்தைக் கைவிடவில்லை. ஆய்வகத்துக்குக் கருவி வாங்கித் தராத நிர்வாகம், கட்டுரை எண்ணிக்கையை மட்டும் இரட்டிப்பாக்கச் சொல்கிறது. வழி தெரியாமல் நிற்கும் அந்த ஆசிரியர் தேவரீரின் வாசலுக்கு வருகிறார். வெறுங்கையோடு ஒருவரையும் திருப்பி அனுப்பாத வாசல் அது.

தங்கள் மொழித் தொண்டை இங்கே நின்று நிதானித்துப் பாட வேண்டும். பிறர் எழுதியதை அப்படியே எடுத்து வைத்தால் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் குரைக்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு அதே பொருள் கொண்ட வேறொரு சொல்லை வைக்கும் கருவியைப் பணிக்கு அமர்த்தினீர்கள். அறிவியலாளர்கள் இருநூறு ஆண்டாக இழைத்து இழைத்து நிலைநிறுத்திய கலைச்சொற்களின் இறுக்கம் அன்றோடு தளர்ந்தது. ஆங்கிலத்தில் தாங்கள் செய்த அற்புதத்தைத் தமிழில் சொல்வதானால், செயற்கை நுண்ணறிவு "போலி நனவு" ஆனது. பெருந்தரவு "பிரம்மாண்டத் தகவல்" ஆனது. மார்பகப் புற்றுநோய் "மார்பக அபாயம்" என்று நயம் பெற்றது. சிறுநீரகச் செயலிழப்பு "சிறுநீரக ஏமாற்றம்" ஆயிற்று. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு கிடக்கும் ஒருவரின் நிலையை ஏமாற்றம் என்று சொல்ல எத்தனை மென்மையான உள்ளம் வேண்டும்! 2021-இல் துலூஸ் நகரத்துக் கியோம் கபானாக், கிரெனோபிளின் சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவரும் இச்சொற்களைத் தேடித் தேடித் தொகுக்கத் தொடங்கினார்கள். "சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்" என்று பெயரும் வைத்தார்கள். மதிப்பீட்டாளரும் இதழாசிரியரும் படித்து, ஏற்று, அச்சேற்றிய சொற்களுக்கு இப்படியொரு பெயர்!

சொல்லை மாற்றியதோடு தங்கள் கற்பனை நின்றுவிடவில்லை. இல்லாத கருவி ஒன்றையும் அறிவியலுக்கு வழங்கினீர்கள். அதைத் "தாவர எலக்ட்ரான் நுண்ணோக்கியியல்" எனலாம். அப்படியொன்று எந்த ஆய்வகத்திலும் கிடையாது. 1950-களில் வந்த ஓர் இதழின் பக்கத்தில் இரண்டு பத்திகள் அடுத்தடுத்து இருந்தன. இடப் பத்தியின் வரியில் ஒரு சொல், வலப் பத்தியின் வரியில் வேறு சொல். பழைய பக்கங்களைக் கணினியில் ஏற்றிய இயந்திரம் நடுவிலிருந்த இடைவெளியைக் காணாமல் இரண்டையும் ஒரே வரியாக வாசித்துவிட்டது. பாரசீக எழுத்திலும் "தாவர" என்ற சொல்லுக்கும் அங்கே இருக்க வேண்டிய சரியான சொல்லுக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு என்பதால், மொழிபெயர்ப்பும் கைகொடுத்திருக்கலாம் என்கிறார்கள். இப்படிப் பிறந்த தாயில்லாக் குழந்தையை ஏறத்தாழ இரண்டு டஜன் கட்டுரைகள் எடுத்து வளர்த்தன. அந்த நுண்ணோக்கியால் பார்த்தோம் என்று எழுதினார்கள். என்ன தெரிந்தது என்றும் எழுதினார்கள். இல்லாத கண்ணாடி வழியே உள்ளதைக் காணும் இந்த ஞானத்துக்கு நிகரேது!

ஓவியக் கலையும் தங்கள் காலத்தில்தான் தன் சிகரத்தைத் தொட்டது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்புக் குழுமத்தின் உயிரணு இதழொன்றில் விந்தணு மூலச் செல்கள் பற்றிய கட்டுரை வந்தது. அதில் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்த எலி ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் ஆண்குறி அதன் உடம்பையே சிறுக்கச் செய்யும் பேருருவம் கொண்டிருந்தது. உறுப்புகளைச் சுட்டிய சொற்கள் எந்த மொழி அகராதியிலும் அகப்படாதவை. எலி என்ற ஒரு சொல் மட்டும் பிழையின்றி இருந்தது. இது தங்கள் ஆலையில் நெய்யப்பட்டதன்று. இருந்தாலும் தங்கள் அருளாட்சியில் வளர்ந்த கலைதான். ஆசிரியர்கள் கருவியின் பெயரை மறைக்கவும் இல்லை. அத்தனை பெரிய உறுப்பு இதழின் சரிபார்ப்பு அத்தனையையும் தாண்டி அச்சேறியதே, அதுவல்லவா ஓவியத்தின் வெற்றி! மூன்றே நாளில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் உலகம் முழுதும் அதைப் பார்த்துவிட்டது. அறிவியல் மக்களைச் சென்றடையவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

பதிப்பாளர் பெருமக்களின் துணையைச் சொல்லாமல் போனால் இப்புகழுரை நிறைவுறாது. கெய்ரோவில் 1997-இல் தொடங்கிய ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 2021-இல் வைலி நிறுவனம் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அங்கே சிறப்பிதழ் என்றொரு அருமையான ஏற்பாடு இருந்தது. வெளியிலிருந்து ஒருவர் விருந்தினராக வந்து ஆசிரியர் இருக்கையில் அமர்வார். கட்டுரைகளை அவரே வரவேற்பார். அவற்றை மதிப்பிடுவோரையும் அவரே அமைப்பார். விருந்தோம்பலில் நம்மை விஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருந்தோம். விருந்தினர் கையிலேயே வீட்டுச் சாவியையும் பெட்டிச் சாவியையும் கொடுத்த பண்பாட்டை அங்கேதான் கண்டோம். அந்தச் சாவியைத் தாங்கள் எவ்வளவு பொறுப்போடு பயன்படுத்தினீர்கள் என்பதற்கு 2023-ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஹிந்தாவி திரும்பப் பெற்ற கட்டுரைகள் 8,000-க்கும் மேல். உலகம் முழுதும் அவ்வாண்டு திரும்பப் பெறப்பட்டவை 10,000-ஐத் தாண்டின. அறிவியல் வரலாறு அதுவரை காணாத சாதனை அது. ஆண்டு முடிவதற்குள் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. இதழாசிரியர்களுக்குத் தாங்கள் நேரடியாகவே அன்பளிப்பு வழங்கி வருவதை 2024 தொடக்கத்தில் சயின்ஸ் இதழ் வெளிக்கொணர்ந்தது. ஊதியமின்றி மதிப்பீடு செய்யச் சொல்லும் ஒரு துறையில் உழைப்புக்குக் கூலி கொடுத்த முதல் முதலாளி தாங்கள்தானோ என்னவோ!

எல்செவியர் வெளியிடும் ஓர் இதழில் அதே 2024-இல் வந்த கட்டுரை, "நிச்சயமாக, தங்கள் தலைப்புக்கு ஏற்ற முன்னுரை இதோ" என்ற பொருள்பட அரட்டை இயந்திரத்தின் பணிவான மறுமொழியோடேயே தொடங்கிற்று. அவ்வளவு மரியாதையான தொடக்கத்தைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை. போலந்து மொழியில் மோசடிக்காரர் என்று பொருள்படும் பெயரோடு, கற்பனைப் பெண்மணி ஒருவரை இதழாசிரியராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஆய்வாளர்கள் சிலர் 360 இதழ்களுக்கு எழுதிப் பார்த்தார்கள். அதன் விவரம் 2017-இல் வெளிவந்தது. 48 இதழ்கள் அவரை ஏற்றுக்கொண்டன. 2024-இல் லாரி என்ற பூனை, பொய்க் கட்டுரைகள் தந்த மேற்கோள்களால் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பூனையானது. சாதி, மதம், இனம் மட்டுமின்றி உயிரின வேறுபாடும் பாராத அவை இது!

இத்துறையில் கைத்தறி நெய்த முன்னோரை மறந்தால் நன்றி கொன்றவர்களாவோம். ஆலைகள் வருமுன்பே தனியொருவராக நின்று சாதித்தவர் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருந்த யோவாகிம் போல்ட். அவர் பெயரில் வந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இன்று 200-ஐத் தாண்டிவிட்டன. அறுவையின்போதும் கடும் நோயின்போதும் இரத்தத்தின் அளவு குறைந்தால் இரத்தக்குழாய் வழியே ஏற்றும் மாவுப்பொருள் கரைசல் ஒன்று உண்டு. ஹைட்ராக்ஸி எத்தில் ஸ்டார்ச் என்று பெயர். அது பாதுகாப்பானது என்று போல்ட் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். அவற்றை நம்பி உலகெங்கும் மருத்துவர்கள் அக்கரைசலை ஏற்றினார்கள். 2010-இல் அவருடைய ஒரு கட்டுரையைத் தோண்டியபோது, அதில் சொன்ன ஆய்வு நடக்கவேயில்லை என்று தெரிந்தது. 2013-இல் கனடா மருத்துவர்கள் எல்லா ஆய்வுகளையும் திரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். போல்டின் கட்டுரைகளைச் சேர்த்துக் கூட்டியபோது தெளிவாகத் தெரியாத ஒன்று, அவற்றை நீக்கிக் கூட்டியபோது தெரிந்தது. அக்கரைசல் ஏற்றிய கடும் நோயாளிகளிடம் இறப்பும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. சாவையே கணக்கிலிருந்து மறைத்து வைக்கும் ஆற்றல் எழுத்துக்கு உண்டு என்று மெய்ப்பித்துக் காட்டிய மேதை! 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அக்கரைசலின் விற்பனை அனுமதியை நிறுத்தி வைக்க முடிவெடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை ஏற்றிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்கள், தம் இரத்தக்குழாயில் ஓடுவது ஓர் இலக்கியப் படைப்பு என்பதை அறியும் பேறு பெறவில்லை.

கொரோனா காலத்திலும் இந்த மரபு செழித்தது. 2020-இல் மதிப்பீட்டுக்கு முன்பே எகிப்திலிருந்து வெளிவந்த ஐவர்மெக்டின் முன்வெளியீடு ஒன்று, அம்மருந்து இறப்பைப் பெருமளவு குறைப்பதாகச் சொல்லி உலகுக்கு நம்பிக்கை ஊட்டியது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அதைக் கூர்ந்து படித்தார். கோவிடுக்குக் காரணமான வைரஸின் பெயரிலுள்ள "தீவிர" என்ற சொல்கூட வேறு சொல்லாக மாறி, நோயே உருமாறிக் கிடந்தது. தரவுகளைப் பார்த்தால், ஆய்வு தொடங்கும் முன்பே இறந்துவிட்ட சிலரும் அதில் பங்கேற்றிருந்தார்கள். இறந்தோரையும் மருத்துவம் கைவிடலாகாது என்ற உயர்ந்த நெறி! 2021 ஜூலையில் அந்த முன்வெளியீடு விலக்கப்பட்டது. அதற்குள் அது பல கூட்டாய்வுகளின் கணக்குக்குள் புகுந்து, அவற்றின் முடிவுகளுக்குத் தோள் கொடுத்துவிட்டிருந்தது.

இத்தகைய பெருமைகளைக் கண்டு பொறாமை கொள்ளும் சிலர் எந்தக் காலத்திலும் இருக்கத்தானே செய்வார்கள்? நெதர்லாந்தில் பிறந்த எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களைத் தம் கண்ணாலேயே பார்த்து, நூற்றுக்கு 3.8 கட்டுரைகளில் ஐயத்துக்குரிய இரட்டைப் படங்கள் இருப்பதாக 2016-இல் எழுதினார். ஒரே படத்தைத் திருப்பி வைத்தும் கவிழ்த்து வைத்தும் வெவ்வேறு சோதனைகளுக்குப் பயன்படுத்திய தங்கள் சிக்கனத்தை அவர் பாராட்டவில்லை. சிட்னியின் ஜெனிஃபர் பைர்ன் புற்றுநோய் மரபணுவை ஆராய்ந்தவர். தாம் ஆராய்ந்த மரபணுவைப் பற்றி ஒரே அச்சில் வார்த்தாற்போல் கட்டுரைகள் வரக் கண்டு, அவற்றில் குறித்துள்ள டி.என்.ஏ. வரிசைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார். தம் ஆய்வை விட்டுவிட்டுத் தங்கள் ஆய்வைப் படித்தார் என்றால், அதைவிடப் பெரிய மரியாதையைத் தங்களுக்கு யார் செய்ய முடியும்? இவர்களில் பலருக்கு இதற்கென ஊதியமில்லை. வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது. இரவில் கண்விழித்து அவர்கள் ஒரு கட்டுரையைப் பிடிப்பதற்குள் தாங்கள் நூறு கட்டுரைகளை இறக்கிவிடுகிறீர்கள். 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த கணக்குப்படி, மொத்த அறிவியல் இலக்கியம் இரட்டிப்பாக 15 ஆண்டுகள் ஆகின்றன. கட்டுரை ஆலைகளிலிருந்து வந்தவை என்று ஐயுறப்படுபவை ஒன்றரை ஆண்டில் இரட்டிப்பாகின்றன. தீபாவளிக்கும் ஊருக்குப் போகாத அந்த உயிரியல் மாணவி இன்னும் தன் முதல் கட்டுரைக்காக இன்குபேட்டரின் முன் நிற்கிறாள்.

தங்கள் படைப்புகளுக்குச் சாவும் கிடையாது. திரும்பப் பெற்ற பிறகும் அவற்றை மேற்கோள் காட்டுவோர் இருக்கிறார்கள். சுட்டெரித்தாலும் சாம்பலிலிருந்து எழுதிக்கொண்டேயிருக்கும் கை அது. இப்போது அவற்றுக்குப் புதிய வாசகர்களும் வந்துவிட்டார்கள். அச்சிட்டதையெல்லாம் விழுங்கி வளரும் மொழி இயந்திரங்கள்தான் அவை. அந்தத் தாவர எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பழைய மாதிரிகள் அறிந்திருக்கவில்லை. ஜிபிடி-3 முதலாக வந்தவையோ, பழைய கட்டுரையின் வரியைத் தொடங்கிக் கொடுத்தால் அந்த இல்லாத கருவியின் பெயரைத் தாமாகவே சொல்லி வாக்கியத்தை முடிப்பதை ஆய்வாளர்கள் 2025-இல் சோதித்துக் கண்டார்கள். அந்தச் சொல்லை அவற்றின் நினைவிலிருந்து பெயர்த்தெடுப்பது எளிதன்று. ஆகவே ஆலையைத் தாங்களே ஒருநாள் இழுத்துப் பூட்டினாலும் குறையொன்றும் வராது. பெருந்துறையிலோ பெரியகுளத்திலோ தந்தையின் மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமா என்று கைபேசியிடம் கேட்கும் மகனுக்கு, தேவரீரின் கட்டுரைகளைக் கற்றுத் தேர்ந்த இயந்திரம் நள்ளிரவிலும் சலிக்காமல், தயங்காமல், மேற்கோளோடு விடை சொல்லும்.